எட்டாம் நம்பர் பொத்தான்

அந்தச் சரக்குக் கப்பலில் கேப்டன் வைத்திலிங்கம் வைத்ததுதான் சட்டம். கப்பல் தூத்துக்குடியில் நின்றது. சரக்கு இறக்க நாளாகும். பக்கத்து மணப்பாட்டில் தனக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று சமையல்காரர் கஸ்பார் லீவு கேட்டார்.

கேப்டன் மீசையைத் தடவினார். “கப்பல் சண்டையில என்னை ஜெயிச்சிட்டுப் போ!”

அது பேட்டரியில் ஓடும் விளையாட்டு. ஆளுக்கு ஐந்து கப்பலைக் கட்டங்களில் ஒளித்துவைக்க வேண்டும். எதிராளி ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் அழுத்திக் குண்டு போடுவார். பட்டால் ‘டமார்’, படாவிட்டால் ‘தொபுக்’. ஒரு கப்பலின் எல்லாக் கட்டத்திலும் குண்டு விழுந்தால்தான் அது மூழ்கும். இதில் கேப்டன் தோற்றதே இல்லை.

அன்றும் டமார் டமாரென்று வெடித்தது. கஸ்பாரின் ஐந்து கப்பலும் செமத்தியாக அடிவாங்கின, ஆனால் ஒன்றுகூட மூழ்கவில்லை. கஸ்பாரோ நிதானமாகக் கேப்டனின் நான்கு கப்பலை மூழ்கடித்துவிட்டார்.

“மெஷின்ல என்னடா பண்ணினே?” என்று கேப்டன் கத்தினார்.

“தினம் துடைக்கிறேன், சார், அவ்வளவுதான். உங்க பக்கத்துல எல்லாப் பொத்தானும் தேஞ்சு கிடக்கு. எட்டு மட்டும் புதுசா பளபளன்னு இருக்கு. அதான் அஞ்சு கப்பலுக்கும் ஒரு கட்டத்தை எட்டாம் வரிசையில வச்சேன். அழுத்துங்க சார், நீங்கதான் ஜெயிப்பீங்க.”

சுற்றி நின்ற மாலுமிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எட்டு சனியின் நம்பர் என்று, எட்டாம் தேதியில் நங்கூரம்கூடத் தூக்காதவர் கேப்டன். அவர் விரல் பொத்தான்வரை போய், அழுத்தாமலே திரும்பியது.

“போய்த் தொலை! எப்ப வருவே?”

“எட்டாம் தேதி காலையில, சார்.”

“ஐயையோ! ஒன்பதாம் தேதி வா!”