ராஜாவின் தலைக்குப் பத்தியம்

கானூர் ராஜா திருமலைப்பூபதி வாளைக் கண்டு பயந்தவரில்லை. சீப்பைக் கண்டுதான் பயந்தார். ஒரு தரம் வாரினால் கைநிறைய முடி வந்தது. மூன்று மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி முன்னால் சொட்டைத் தலையோடு நிற்பதா என்று மனுஷருக்கு ஒரே கவலை.

அரண்மனை வைத்தியர் மாத்ருபூதம் தைலத்துக்கு மேல் தைலமாகக் கொண்டுவந்தார். கரடி நெய் என்றார், காண்டாமிருகக் கொழுப்பு என்றார். நாற்றம்தான் வளர்ந்தது. வாய்த்துடுக்குப் புலவர் ஆவுடையப்பர் சபையிலேயே சிரித்துத் தொலைத்தார். வாய் சும்மா இருந்தால்தானே?

வைத்தியர் விடுவாரா? "சிரிக்கிறவரே வளர்த்துக் காட்டட்டும், மகாராஜா" என்றார்.

ராஜாவும் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்குள் என் முடி கொட்டுவது நிற்க வேண்டும், புலவரே. இல்லாவிட்டால் இதே சபையில் உம் மீசையை வழித்துவிடுவேன்."

ஆவுடையப்பர் மீசையைத் தடவிக்கொண்டார். கழுத்துக்கு மேலே அவருக்கென்று இருந்த முடி அந்த மீசை மட்டும்தான். தலையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். 'கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டப் போகிறேனாக்கும்' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து ராஜாவின் பின்னாலேயே திரிந்தார். விஷயம் விளங்கியது. ராஜா குளிப்பார். துவட்டியும் துவட்டாமலும் ஈரத்தலையை இறுக்கி முடிந்து, அதன்மேல் கிரீடத்தை அழுத்திக்கொண்டு கொலுவுக்கு ஓடுவார். சாயங்காலம் வரை அந்தத் தலை உள்ளே கிடந்து வேகும். இலையில் கீரையைக் கண்டால் ஒதுக்குவார். எண்ணெய்க் குளியலுக்கு நேரமே இல்லை என்பார்.

இதை நேராகச் சொல்ல முடியுமா? கிரீடத்தைக் கழற்று என்று ராஜாவிடம் சொன்னால், மீசையோடு தலையும் போகும்.

மூன்றாம் நாள், அரக்கு முத்திரை வைத்த ஒரு வெள்ளிச் செம்போடு வந்தார்.

"மகா தைலம், மகாராஜா. சனிக்கிழமைதோறும் தேய்க்க வேண்டும். ஆனால் பத்தியம் கடுமை. தப்பினால் இருக்கிற முடியும் போய்விடும்."

"சொல்லும்."

"சீயக்காய் போட்டு அலசி, நிழலில் ஆற்ற வேண்டும். காயாத தலையில் கிரீடம் படக் கூடாது. முடிச்சு தளர்வாக இருக்கட்டும். அகலப் பல் சீப்புதான் ஆகும். தினமும் முருங்கைக்கீரை, ஓர் எள்ளுருண்டை."

ராஜா அப்படியே செய்தார். பத்தியம் என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் எவன் மீறுவான்? ராஜா தலை காயும் வரை கொலுவே காத்துக் கிடந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சீப்பு வெறுமையாக வந்தது. நெற்றியோரம் பூனைமுடி அரும்பியிருந்தது. வைத்தியருக்குப் பொறுக்கவில்லை. செம்புக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"மகாராஜா, இது மடைப்பள்ளி நல்லெண்ணெய். உங்களை ஏமாற்றிவிட்டார்."

ராஜாவின் கண் சிவந்தது. "நாவிதனைக் கூப்பிடுங்கள்" என்றார்.

ஆவுடையப்பர் ஒரு கையால் மீசையைப் பொத்திக்கொண்டார். "நல்லெண்ணெய்தான், மகாராஜா. எண்ணெய் சும்மா சாக்கு. பத்தியம்தான் மருந்து. கிரீடத்தைக் கழற்றுங்கள், கீரை தின்னுங்கள் என்று வெறுமனே சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா?"

ராஜா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கோபம் இறங்கிவிட்டது. "அது சரி. இவ்வளவு தெரிந்தவர், உம் தலையை ஏன் இப்படி விட்டீர்?"

"இந்த மருந்து என்னுடையதில்லை, மகாராஜா. என் வீட்டுக்காரி கோமதி முப்பது வருஷமாக எனக்குச் சொன்னது. பத்தியம் என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். அவள் புத்திமதியாகச் சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றைக்கே பட்டுச்சேலையும் தங்க வளையலும் பரிசாகப் போயின. ஆவுடையப்பருக்கு அல்ல, கோமதிக்கு.

அதோடு விட்டதா? மறுநாள் காலையில் கோமதி குடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "தினம் நாலு குடம் தண்ணீர் நீங்கள்தான் எடுத்துவர வேண்டும்" என்றாள்.

"இது என்னடி புதுசா?"

"பத்தியம்" என்றாள் கோமதி.