இரண்டு முறை தூக்கிய கை

நாகர்கோவிலில் ஜெஸ்லின் என்றொரு ஒன்பது வயதுச் சிறுமி இருந்தாள். நோய்நொடி எதுவும் கிடையாது; உடம்புதான் ஒல்லி. "வயிறு நெறஞ்சிட்டும்மா" என்று தட்டை நகர்த்தினால் அம்மா ஸ்டெல்லா நம்பவே மாட்டாள்.

அவ்வூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பகவதி ஓர் ஆய்வு நடத்தினார். தீராத வயிற்றுவலிக்காரப் பிள்ளைகளோடு ஒப்பிட, ஆரோக்கியமான பிள்ளைகளின் வயிறு எவ்வளவு கொள்ளும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஜெஸ்லினை அனுப்ப ஸ்டெல்லா சம்மதித்தாள்.

"ஆனா முடிவ எனக்குச் சொல்லணும்."

"கட்டாயம் சொல்றேன்" என்றார் டாக்டர்.

ஸ்டெல்லா வெளியே காத்திருந்தாள். உள்ளே, திரைக்குப் பின்னிருந்து வந்த குழாயில் ஜெஸ்லின் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். "வயிறு நிறைஞ்சதும் ஒரு தடவை கை தூக்கு. இனி ஒரு வாய்கூட முடியாதுன்னா இன்னொரு தடவை தூக்கு" என்றார் டாக்டர்.

"அம்மாட்ட சொல்லுவீங்களா?"

"இல்லடா, நமக்குள்ளதான்."

முந்நூறு மில்லியில் கை எழுந்தது. வலியுள்ள பிள்ளைகளுக்கு உதவுமே என்று அதற்கு மேலும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அறுநூறில் மறுபடி கை எழுந்தது.

டாக்டர் வெளியே வந்து, "நல்ல வயிறும்மா. அறுநூறு மில்லி குடிச்சிருக்கா" என்றார்.

அன்று இரவே ஸ்டெல்லா தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். "அறுநூறு குடிச்சவளுக்கு மூணாவது தோசை இறங்காதோ? இத்தன நாளும் என்னய ஏமாத்திருக்க, மக்ளே!"

டாக்டர் சொல்லிவிட்டார் என்பது ஜெஸ்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. தோசையைத் தின்றாள். பின்கட்டுக்குப் போய் அத்தனையும் வாந்தி எடுத்தாள். தினமும் இதே கதைதான்.

அடுத்த வாரம் மறு பரிசோதனை. இரண்டே மடக்கு குடித்துவிட்டு இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கினாள்.

"என்னடா, அதுக்குள்ளயா?"

"உங்ககிட்ட நெசம் சொன்னா அது எங்க வீட்டுக்கு வந்திருது" என்றாள்.

டாக்டர் தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். ஸ்டெல்லா பிள்ளை தேற வேண்டுமென்றே ஊட்டினாள். ஜெஸ்லினோ பொய்யாகக் கை தூக்கினாள். சொல்லுங்கள், இம்மூவரில் குற்றம் யாருடையது?

விடை: டாக்டருடையது. முடிவை அறியத் தாய்க்கு உரிமை உண்டு. அதை ஒப்புக்கொண்டவர் மகளிடம் ரகசியம் என்று சொல்லியிருக்கக் கூடாது. தாயிடம் சொன்னதிலும் பாதியைத்தான் சொன்னார். வயிறு நிறைந்த அளவு முந்நூறு. அறுநூறு என்பது தாங்கக்கூடிய எல்லை. அது தெரியாமல்தான் ஸ்டெல்லா திணித்தாள். மறு பரிசோதனை நடந்த அன்றே டாக்டர் ஸ்டெல்லாவிடம் முழுவதையும் சொல்லி, ஜெஸ்லினிடம் மன்னிப்பும் கேட்டார். ஜெஸ்லின் சரியென்று தலையாட்டினாள். குழாயை மட்டும் மறுபடி வாயில் வைக்கவில்லை.