கோட்டுப் போட்ட ராசாங்கம்

சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த துறவி மங்களத்தம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய சீடர் குப்புராசு அறுபதைத் தாண்டியவர். கரையோர அலையில் இறங்கி நின்று கைத்தூண்டில் வீசி மீன் பிடிப்பவர். யார் மூத்தவர் என்ற எண்ணம் இருவருக்குமே வந்ததில்லை.

நாற்பது நாளாகக் குப்புராசு கடல் பக்கம் போகவில்லை. முப்பது வருடம் அவர் பக்கத்தில் நின்று தூண்டில் வீசிய ராசாங்கம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

ஒரு நாள் காலை மடத்துக்கு வந்தவர், வணங்கக்கூட மறந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அவன் மொகம் எனக்கு மறந்துபோச்சு."

"அவர் வீட்டுல படம் இல்லையா?"

"அதாலதான் வம்பே. ஓட்டு கார்டுல இருந்த படத்த அவன் சம்சாரம் பெருசு பண்ணக் குடுத்துச்சு. ஸ்டூடியோக்காரன் கோட்டும் டையும் மாட்டிவுட்டுட்டான். சட்டை போடவே சலிச்சுக்கிற ஆளும்மா அவன். பார்த்ததும் சிரிச்சுட்டேன். எழவு வீட்டுல சிரிச்சுட்டு, எங்க வீட்டுக்கு வந்து அழுதேன். இப்பக் கண்ணை மூடினா அந்தக் கோட்டுக்காரன்தான் வர்றான்."

அம்மா சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி தியானத்துல உட்கார்ந்தும் பார்த்துட்டேன். வரமாட்டேங்குறான். அவனை எப்படிம்மா திரும்பக் கொண்டுவர்றது?"

"முப்பது வருசமும் அவர் மொகத்தைப் பார்த்துக்கிட்டா நின்னீங்க?"

குப்புராசு யோசித்தார்.

"இல்லம்மா. ரெண்டு பேரும் கடலைத்தான் பார்த்தோம்."

"தூண்டில் எங்க?"

"எறவாணத்துல சொருகிட்டேன். இனிமே எடுக்க மனசு வராது."

"மீன் வேண்டாம். எப்படி வீசுவீங்கன்னு நான் பார்த்ததே இல்ல. எடுத்துட்டு வாங்க."

குருவின் சொல்லைத் தட்ட முடியாமல் எடுத்து வந்தார்.

தென்காற்று அடித்துக்கொண்டிருந்தது. குப்புராசு முதலில் கணுக்கால் நனைய நின்றார். பிறகு முழங்கால் ஆழம் வரை இறங்கி, கொக்கியில் இறால் துண்டைக் குத்தினார். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அவருக்கு வலப்பக்கம் எட்டடி தள்ளி நின்றார்.

தூண்டில் நரம்பின் நுனியில் கட்டிய ஈயக்குண்டைக் குப்புராசு தலைக்கு மேல் சுழற்றினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. சட்டென்று பதறிப்போய்க் கத்தினார்.

"அம்மா, அங்க நிக்காதீங்க! அவன் எடதுகைக்காரன். குண்டு சுத்தி உங்க மேலதான் வரும். என் காதையே கிழிச்ச பய அவன்!"

கத்தி முடித்த பிறகுதான் அவர் குரல் அவருக்கே கேட்டது. ஈயக்குண்டு காலடித் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. அவர் கை காதுத் தழும்புக்குப் போனது. அம்மாவுக்கு அந்தப் பக்கம், ராசாங்கம் எப்போதும் நிற்கும் இடத்தில், அலை வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது. குப்புராசு அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா மெல்லப் பின்வாங்கிக் கரையேறி, ஈர மணலில் உட்கார்ந்தார்.

"சரி. முதல்ல அவர் வீசட்டும்" என்றார்.