மாசானமுத்துவின் ஓட்டு

வாய்க்கால்கரை மடத்தில் உலகம்மாளுக்கு மொத்தம் நாலே சீடர்கள். அதில் மாசானமுத்து குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பொதுப்பணித் துறையில் மடை திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கோபம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

தேர்தல் அன்று காலை மற்ற மூன்று பேரும் ஓட்டுப் போடக் கிளம்பினார்கள். மாசானமுத்து அசையவில்லை.

“நீங்க போகலையா அண்ணாச்சி?”

“எதுக்கும்மா? எங்க கீழத்தெருவுக்குக் குடிதண்ணிக் குழாய் கேட்டு ஒன்பது வருசமா மனு கொடுக்கேன். பரிசீலனையில இருக்காம்! ஓட்டுக் கேட்டு வாரவன் விழுந்து விழுந்து கும்பிடுதான். ஜெயிச்ச பிறகு எங்க தெருப் பக்கம் தலை வச்சுப் படுப்பானா? இவனுகளுக்கு ஓட்டுப் போட்டா எதாச்சும் மாறுமா? நீங்களே சொல்லுங்க.”

உலகம்மாள் மோர்ப் பானையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“வரிசையில நிக்கவங்க பாவம். கொண்டுபோய் ஊத்துங்க.”

“நான் ஓட்டுப் போட மாட்டேம்மா. அது குப்பை.”

“மோர் ஊத்தத்தானே சொன்னேன்?”

மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே பானையைத் தூக்கினார்.

பள்ளிக்கூட வாசலில் பாதிப் பானை தீர்வதற்குள் கீழத்தெரு பேச்சியம்மா உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தாள். விரலில் மை இல்லை.

“என் ஓட்டு விழுந்துட்டாம் அண்ணாச்சி. எவளோ காலையிலேயே போட்டுட்டாளாம். வீட்டுக்குப் போன்னுட்டாங்க. நம்ம தெருவுல இப்படி நிறையப் பேரு. கட்சி ஏஜெண்ட் லிஸ்டைப் பார்த்தேன், உங்க பேரையும் அடிச்சிருக்கான்.”

மாசானமுத்து பானையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவருடைய பேருக்கு நேராக நீலமாக ஒரு கட்டைவிரல் ரேகை.

ஐயோ, அதைப் பார்த்ததும் அவருக்கு வந்த ஆத்திரம்! கைநாட்டு வைத்து வேலையில் சேர்ந்தவர்தான். ஆனால் பிறகு அறிவொளி வகுப்பில் நாலு மாதம் உட்கார்ந்து, ‘மா’ என்ற ஒரு எழுத்துக்கே நாலு நாள் மல்லுக்கட்டி, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். அன்றிலிருந்து பேரைச் சுருக்கி எழுதியதே கிடையாது. சம்பளப் பதிவேட்டில் இடம் பற்றாமல் பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போய்விடுவார். ஒன்பது வருட மனுவிலும் முழுப் பேர்தான்.

மடத்துக்கு ஓட்டமாக வந்தார்.

“அம்மா! என் ஓட்டை எவனோ போட்டுட்டான்!”

“சரி.”

“என்ன சரி? கைநாட்டு வச்சிருக்கான்மா! எனக்கு! கைநாட்டு!”

“நீங்க குப்பைன்னு எறிஞ்சதை ஒருத்தன் பொறுக்கிட்டுப் போயிருக்கான். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கீங்க?”

“குப்பையா? அது என் பேரும்மா!”

சொன்ன பிறகு அவரே திகைத்து நின்றார்.

“குப்பையைப் பொறுக்க ஒருத்தன் காலங்காத்தால குளிச்சுக் கிளம்பி, பொய் சொல்லி, ஜெயிலுக்கும் துணிஞ்சு வருவானா அண்ணாச்சி?”

மாசானமுத்து தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“நம்ம ஓட்டை வேற ஆளு போட்டுட்டா தனியா ஒரு ஓட்டுச் சீட்டு கேக்கலாம். சட்டத்துல இருக்கு. இல்லேம்பாங்க. இருக்குன்னு நில்லுங்க,” என்றார் உலகம்மாள். “பானையை எங்கே விட்டீங்க?”

அதிகாரி, இல்லை என்றுதான் சொன்னார். மாசானமுத்து, இருக்கு என்று நின்றார். பாவம், அந்த அதிகாரி வெளியூர் வாத்தியார். வேர்த்துப்போய் ஏஜெண்டைப் பார்த்தார். ஏஜெண்ட் எழுந்து வந்து மாசானமுத்துவின் தோளில் கை போட்டான்.

“மாமா, உங்க தெருவுக்குத் தண்ணி வேணுமா, வேண்டாமா? பேசாம வீட்டுக்குப் போங்க.”

“ஒன்பது வருசமா வராத தண்ணிய வச்சாடே என்னை மிரட்டுதே? கையை எடு!”

வரிசையில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அதிகாரிக்கும் அதில் கொஞ்சம் தெம்பு வந்திருக்க வேண்டும். கையேட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். அப்பா பேர் கேட்டார், கதவு எண் கேட்டார், அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டை எடுத்து வைத்தார்.

மாசானமுத்து கையெழுத்துப் போட்டார். முழுப் பேர், நிதானமாக, ஒரு புள்ளி விடாமல். ஊரே காத்து நின்றது, நிற்கட்டுமே!

அவர் முத்திரை குத்திக் கொடுத்த சீட்டை அதிகாரி ஓர் உறையில் போட்டார்.

“பெரியவரே, சொல்லிடுறேன். இதைச் சாதாரணமா எண்ண மாட்டாங்க. கோர்ட்டு கேட்டாத்தான்.”

மாசானமுத்துவின் முகம் தொங்கிப்போனது. அப்போது வாசலிலிருந்து பேச்சியம்மாவின் குரல் கேட்டது.

“எண்ணினா எண்ணுங்க, எண்ணாட்டிப் போங்க. எனக்கும் ஒரு சீட்டு கொடுங்க சார்.”

அவளுக்குப் பின்னால், காலையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மாசானமுத்து தன் ஓட்டு முடிந்த பிறகும் நகரவில்லை. கடைசி ஆள் வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் மிச்ச மோரை ஊற்றினார்.

சாயங்காலம் காலிப் பானையோடு மடத்துக்கு வந்தார். நடையில் ஒரு மிடுக்கு இருந்தது, மனதில் ஓர் உறுத்தலும் இருந்தது.

“கேட்டு வாங்கிப் போட்டுட்டேம்மா. ஆனா எங்க ஓட்டை எண்ண மாட்டாங்களாம். உறையில வச்சு ஒட்டிட்டாங்க.”

“மொத்தம் எத்தனை பேரு?”

“பதினோரு பேரு! நான், பேச்சி, டெய்லர் வெயிலுகந்தான், அவன் அம்மை...” விரல் விட்டுச் சொல்லச் சொல்ல அவர் நெஞ்சு நிமிர்ந்தது. “குச்சி ஊண்டிக்கிட்டு அந்தச் செல்லையா அண்ணன்கூட வந்தாரும்மா! எங்க தெருவுல இத்தனை பேரு ஒண்ணா ஒரு ஆபீசர் முன்னால நின்னு நான் பார்த்ததே இல்ல. சீட்டு வாங்காம ஒருத்தர்கூடத் திரும்பலை.”

“பதினொண்ணுன்னு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? நான்தான் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரா எண்ணினேன்.”

உலகம்மாள் அவர் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டார்.

“அப்போ எண்ணியாச்சுல்லா, அண்ணாச்சி.”