துளைக்குள் தண்ணீர்

நாற்பத்தொன்பது வயதில், ஆராய்ச்சியை விட்டுவிடுவது என்று தணிகாசலம் முடிவு செய்தார். அதைச் சொல்லத்தான் பேராசிரியர் ரெஜினாவின் ஆய்வகத்துக்கு வந்தார். ரெஜினா அவருடைய வழிகாட்டி. அவரைவிடப் பத்து வயது இளையவர்.

முறிந்த எலும்புக்குள் பொருத்த ஒரு பீங்கானைச் செய்துகொண்டிருந்தார் தணிகாசலம். ரத்தம் ஓட அதில் அகன்ற துளைகள் வேண்டும். ஊறவைத்த பீங்கானை, எம்.ஆர்.ஐ. எடுப்பதுபோல, காந்தத்துக்குள் இறக்குவார். காந்தம் துளையைப் பார்க்காது. உள்ளே புகுந்த தண்ணீரின் குரலைக் கேட்கும். குறுகிய துளையில் அந்தக் குரல் சுவரில் மோதிச் சட்டென்று அடங்கும். அகன்ற துளையில் நின்று ஒலிக்கும்.

நான்கு வருடமாக எதுவும் நின்று ஒலிக்கவில்லை.

“விட்டுடறேன் மேடம். ‘ரெண்டு பேரும் ஒண்ணா பட்டம் வாங்குவமாப்பா’ன்னு பொண்ணே கிண்டல் பண்றா.”

“வாங்குங்களேன், ஒரே போட்டோவுல முடிஞ்சிரும்.” ரெஜினா சிரித்தார். “சரி, விடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து காட்டுங்க.”

“அளந்து அளந்து கை சலிச்சுப் போச்சு.”

“நான் கிராஃபைத்தான் பாத்திருக்கேன் சார். நீங்க அளக்கறதைப் பாத்ததில்லை.”

தணிகாசலம் பீங்கான் துண்டை நீரிலிருந்து எடுத்தார். வெளியே ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் கணக்குத் தப்பிவிடும். குளித்து வந்த குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல, உலர்ந்த துணியால் அழுத்தி, திருப்பித் திருப்பித் துடைத்தார். காந்தத்துக்குள் இறக்கினார். திரையில் அந்தக் குரலின் கோடு வழக்கம்போல விழுந்து படுத்தது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

ரெஜினா அதே துண்டை மறுபடி தண்ணீரில் போட்டு, தணிகாசலம் ஊறவைக்கும்போது செய்வதுபோலவே, குமிழ் அடங்கும்வரை பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார். வேறொரு துணியை நனைத்துப் பிழிந்தார். அதன்மேல் துண்டை ஒருமுறை உருட்டினார். அவ்வளவுதான்.

“இன்னும் ஈரமா இருக்கே மேடம்!”

“இறக்குங்க.”

கோடு விழுந்தது. பாதி வழியில் தயங்கியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, திரையின் ஓரம்வரை நீண்டுகொண்டே போனது.

தணிகாசலம் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

“துளை இருந்திருக்கு... முதல்லேருந்தே இருந்திருக்கு. நானேதான் மேடம்...”

“நல்லா வரணும்னுதானே துடைச்சீங்க.”

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“காய்ஞ்ச துணிதானே மேடம் நல்லாத் துடைக்கும்?”

ரெஜினா ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“காய்ஞ்ச துணிக்குத் தாகம் சார். தாகத்தோட தொட்டா, உள்ளே இருக்கறதையும் குடிச்சிடும்.”