பின்சுவர்த் துவாரம்

பண்ணைவீட்டுப் பசுபதிக்கு எழுபத்திரண்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட தாயம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? பேசித் தீர்த்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. பதினோரு வருஷமாக அது தொண்டையைத் தாண்டவில்லை.

ஒருநாள் குருவை வீட்டுக்கு அழைத்தார். அழைத்தவர் விஷயத்துக்கு வராமல் வீட்டுப் பெருமையை அவிழ்த்தார்.

“சுவர் ரெண்டு முழக் கனம் அம்மா. கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைச்ச சுண்ணாம்பு. தூணெல்லாம் பர்மாத் தேக்கு. எங்க பாட்டனார் கட்டினது...”

“இதைச் சொல்லவா வரச் சொன்னீங்க?”

பசுபதி அவளை நெல் அறைக்குள் கூட்டிப்போனார். பின்சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு துவாரம், வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கியது.

“இது எதுக்கு?”

“கூலி நெல்லு கொட்ட. அவங்க வெளியில துணியை விரிச்சுப் பிடிச்சுக்குவாங்க. உள்ளே வர வேண்டியதில்லை. நாங்களும் அவங்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.”

“நல்ல வசதி.”

அவருக்குச் சுருக்கென்றது. அந்த வலியிலேயே கேள்வி வெளியே வந்துவிட்டது.

“பதினோரு வருஷம் முன்னே ஒரு ஐப்பசி மழையில, எங்க வயல்ல கூலி வேலை செஞ்ச மாரிக்கண்ணு வந்தா. ‘புள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி போக வண்டி குடுங்கய்யா’ன்னு இந்த ஓட்டையில வாயை வச்சுக் கத்தினா. என் மத்தியானத் தூக்கம் கெட்டுப்போச்சு. வைக்கோலைச் சுருட்டி அடைச்சுட்டுப் படுத்தேன். புள்ள பிழைக்கலை. இப்ப அவளும் இல்லை. எனக்கு மன்னிப்பு உண்டா அம்மா?”

தாயம்மா அவரை வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு அழைத்துப்போனாள். வெளிப்பக்கத்தில் துவாரம் முழங்கால் உயரத்தில்தான் இருந்தது.

“முட்டி போடுங்க.”

“மூட்டு மடங்காதும்மா.”

“அவ மடக்கினாளே.”

சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, சேற்றில் முட்டி போட்டார்.

“இப்ப அவகிட்டயே கேளுங்க.”

துவாரத்தில் வாயை வைத்தார். “மாரிக்கண்ணு...” என்றார். அத்தனை கனச் சுவர் அந்தக் குரலை விழுங்கிவிட்டது. “என்னை மன்னிச்சுடு தாயி” என்று கத்தினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி கத்தினார். தொண்டை கட்டிப்போய்க் குழந்தைபோல விசும்பினார்.

“உள்ளே யாருமே இல்லையேம்மா!”

“உள்ளே ஆள் இருந்தப்பவும் இந்தப் பக்கம் இப்படித்தான் இருந்துது” என்றாள் தாயம்மா.