பூவாயி கடித்துத் தள்ளிய ஓலைகள்

குளக்கரையில் நின்ற ஓர் இளந்தென்னையின் உச்சியில் பூவாயி என்ற அணில் கூடு கட்டியிருந்தாள். கூட்டுக்குள் கண் திறக்காத இரண்டு குட்டிகள். அந்த மரத்தை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

அந்தக் கோடையில் அடியோலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்துக் காய்ந்தன. பூவாயி பதறிப்போய் மரங்கொத்தியிடம் ஓடினாள். மரத்தைக் கொத்துகிறவனுக்கு மரத்தின் நோயும் தெரியும் என்று நம்பிவிட்டாள், பாவம்!

"மஞ்சள்னா சீக்கு! விட்டா மேலே பரவிடும். கடிச்சுத் தள்ளு!" என்றது மரங்கொத்தி. தென்னையை அது ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பூவாயி பல் நோக நோகக் கடித்தாள். ஓலைகள் தொப்தொப்பென்று விழுந்தன. சத்தம் கேட்டு மண்புழு ஒன்று வெளியே வந்தது.

"ஐயோ, கடிக்காதே தாயி! மண்ணுல சாம்பல் சத்தே இல்ல. வேர் தேடித் தேடி ஏமாந்து போச்சு. அதான் கிழ ஓலை தன்கிட்ட இருக்கிறதைக் குருத்துக்குக் குடுத்துட்டு வாடுது. அக்கரைச் சூளையில சாம்பல் கிடக்கு. அள்ளிட்டு வந்து அடியில போடு!"

"கண்ணே இல்லாத நீ எனக்கு மஞ்சளைப் பத்திச் சொல்றியா!" என்று பூவாயி சிரித்தாள்.

"நிறம் எனக்குத் தெரியாது தாயி. வேரோட பசி தெரியும்!"

அவள் அதற்குள் மேலே ஏறிவிட்டாள்.

அடுத்த சுற்று ஓலை மஞ்சளித்தது. அதையும் தள்ளினாள். அதற்கடுத்ததும் மஞ்சளித்தது. அதையும் விடவில்லை. புதுக்குருத்து குட்டையாய், கசங்கிப்போய் வந்தது. மரம் மொட்டையானது.

மறைப்பு போன கூட்டைக் காகம் பார்த்துவிட்டது. பூவாயி இரை தேடிவிட்டு வந்தபோது கூட்டில் நாரும் பஞ்சும் மட்டுமே கிடந்தன. அவள் அலறிய அலறலில் குளத்துக் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

மறுநாள் அவள் சூளைச் சாம்பலை வாயில் அள்ளி அள்ளி வந்து தென்னையின் அடியில் கொட்டினாள்.

"போதும் தாயி. வேர் செத்துப் பத்து நாளாச்சு," என்றது மண்புழு.

அவள் நிறுத்தவில்லை. சாம்பலோடு கண்ணீரும் சேர்ந்து விழுந்தது.

ஒன்று வாடுவதைக் கண்டதும் வெட்டி எறியாதீர்கள்; அது யாருக்காக வாடுகிறது என்று முதலில் கேளுங்கள்.